பாலைவனம் நடந்து வருமா?

சீனப் புத்தாண்டுக்கு நண்பர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். மேசை மீது ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய கறுப்பு விதைகள் இருக்கும். பல்லால் மெல்லக் கடித்து, ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சிறு பருப்பைத் தின்றுகொண்டே கதை பேசுவோம். குவாச்சி! தின்ன ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

இந்தக் கறுப்பு விதை ஒருவகைத் தர்பூசணியின் விதை. சதைக்காக அல்லாமல் விதைக்காகவே அந்தப் பழத்தைப் பயிரிடுகிறார்கள். அப்படிப் பயிரிட்டுப் பெயர் வாங்கிய ஊர்களில் ஒன்று, சீனாவின் வடமேற்கே கான்சு மாநிலத்தில் இருக்கும் மின்ச்சின் வட்டாரம். அதைச் சுற்றி மூன்று பக்கமும் பாலைவனம். நீர் நிறைந்த பழம், நீரே இல்லாத ஊரில் விளைகிறது.

இதைப் படிவம் மூன்று வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அப்படியென்றால் பாலைவனம் ஒருநாள் நடந்து வந்து அந்த ஊரை மூடிவிடுமா?"

நல்ல கேள்வி. 'ஆம்' என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மின்ச்சின் ஊரின் நிலவியலையும் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. வாருங்கள், பார்ப்போம்.

இரண்டு பாலைவனங்களுக்கு நடுவே

உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் திபெத்திய மேட்டுநிலத்தின் வடக்கு விளிம்பில் சிலியான் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் சிகரங்கள் சில 5,000 மீட்டருக்கும் உயரமானவை. மலைக்கு வடக்கே நீண்டு கிடக்கும் ஒடுக்கமான சமவெளிக்கு ஹெசி வழித்தடம் என்று பெயர். பழைய பட்டுப்பாதை இதன் வழியாகத்தான் போனது.

அந்த வழித்தடத்திலிருந்து வடக்கு நோக்கி ஒரு விரலை நீட்டியதுபோல் ஒரு பசுமைப் பட்டை பாலைவனத்துக்குள் நுழைகிறது. அதுதான் மின்ச்சின். கிழக்கே தெங்கர் பாலைவனம். மேற்கிலும் வடக்கிலும் பாடேன் ஜாரன் பாலைவனம். வட்டாரத்தின் பரப்பளவு ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர். நம் கிளந்தான் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால் அதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மணலும் வறண்ட நிலமும்தான். 2010 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்த ஏறக்குறைய 2 லட்சத்து 41 ஆயிரம் மக்களும் மிச்சமிருந்த அந்தச் சிறு பசும் பகுதியில்தான் வயலும் வீடும் வைத்திருந்தார்கள்.

வறட்சிக்குக் காரணம் என்ன? காற்று ஈரத்தைக் கடலிலிருந்து சுமந்து வருகிறது. மின்ச்சின் கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் திபெத்திய மேட்டுநிலமும் மலைகளும் தடுத்துவிடுகின்றன. மலை ஏறும் காற்று குளிர்ந்து, தன் ஈரத்தை மலையிலேயே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் இறங்கும்போது அதனிடம் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை.

ஓர் ஆண்டு முழுவதும் மின்ச்சினில் பெய்யும் மழை சுமார் 110 மில்லிமீட்டர். நம் நாட்டில் ஒரே ஒரு பெருமழை நாளில் அவ்வளவு கொட்டிவிடும்! அதே ஊரில், திறந்த தட்டு ஒன்றை வெயிலில் வைத்து, வற்ற வற்ற நீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓர் ஆண்டில் சுமார் 2,600 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும். வானம் கொடுப்பதைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வானம் கேட்கிறது. அப்படியானால் அங்கே தர்பூசணி எப்படி விளைகிறது?

கடலைப் பார்க்காத ஆறு

விடை, சிலியான் மலையில் இருக்கிறது. மலை பிடித்து வைத்த மழைநீரும் பனி உருகிய நீரும் பல சிற்றாறுகளாக இறங்கி, ஷியாங் என்ற ஆறாகச் சேர்கின்றன. அந்த ஆறு வடக்கு நோக்கிப் போகிறது.

நமக்குத் தெரிந்த ஆறுகள் எல்லாம் எங்கே போகின்றன? பகாங் ஆறு தென்சீனக் கடலுக்கு. பேராக் ஆறு மலாக்கா நீரிணைக்கு. ஷியாங் ஆறு எந்தக் கடலுக்கும் போவதில்லை. பாலைவனத்துக்குள் போய், தாழ்வான ஒரு நிலத்தில் தேங்கி, ஏரியாகி, அங்கேயே ஆவியாகி முடிந்துவிடும். இப்படிப்பட்ட ஆற்றை உள்நிலத்து ஆறு என்கிறோம்.

இந்த வகை ஆறுகளில் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற வேறுபாடு மிக முக்கியம். மலையடிவாரத்தில், மேற்பகுதியில், வூவெய் நகரும் அதன் வயல்களும் இருக்கின்றன. கடைசியில் மின்ச்சின் இருக்கிறது. மின்ச்சினுக்கும் அப்பால் ஏரி இருந்தது. பந்தியில் கடைசி இலைக்கு வரும்போது சோறு மீதம் இருக்குமா என்பது முன்னால் பரிமாறியவர் கையில் இருக்கிறது, இல்லையா? மின்ச்சின் எப்போதும் அந்தக் கடைசி இலை.

இரண்டாயிரம் ஆண்டுக் கதை

சீனாவின் மிகப் பழைய நூல் ஒன்றிலேயே இந்தப் பக்கத்து ஏரி ஜுயே என்ற பெயரில் குறிப்பிடப்படுகிறது. இன்று மணலாகக் கிடக்கும் இடங்களில் பழைய ஏரிக்கரையின் தடங்களையும் ஏரிச் சேற்றையும் நன்னீர்ச் சிப்பிகளையும் நிலவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே மக்களும் வாழ்ந்தார்கள். 1924இல் சுவீடன் நாட்டு நிலவியலாளர் யோஹான் குன்னார் ஆண்டர்சன் மின்ச்சினில் ஷாஜிங் என்ற இடத்தில் தோண்டியபோது, வெண்கலக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த மக்களின் பானைகளும் கல்லறைகளும் கிடைத்தன. அந்தப் பண்பாட்டுக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான்.

கி.மு. 121இல் ஹான் பேரரசின் படைகள் ஹெசி வழித்தடத்தைக் கைப்பற்றின. எல்லையைக் காக்கப் படைவீரர்கள் வேண்டும். வீரர்களுக்குச் சோறு வேண்டும். ஆகவே வீரர்களும் குடியேறியவர்களும் ஆற்று நீரைத் திருப்பி வயல் வெட்டினார்கள். அந்தக் காலத்துத் தூதர் சூ வூ என்பவரைப் பற்றிய கதை சீனாவில் எல்லாருக்கும் தெரியும். எதிரி நாட்டில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டு, ஆடு மேய்த்தும், தன் நாட்டுப் பற்றை விடாதவர் அவர். அவர் ஆடு மேய்த்தது ரஷ்யாவின் பைக்கால் ஏரிப் பக்கம் என்பது பொதுவான கருத்து. மின்ச்சின் மக்களோ, "எங்கள் ஊரில்தான்" என்பார்கள். அங்கே அவர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது.

மிங் ஆட்சியில், 1396இல், இங்கே ஜென்பான் என்ற எல்லைக் காவல் நிலையம் அமைந்தது. சிங் ஆட்சியில், 1724இல், அது தனி வட்டாரம் ஆனது. அதே நூற்றாண்டில் ஏரியோரத்து ஈர நிலங்களிலும் ஏராளமானோர் குடியேறி உழத் தொடங்கினார்கள். 1928இல் ஊருக்குப் புதுப் பெயர் வந்தது: மின்ச்சின். 'மின்' என்றால் மக்கள்; 'ச்சின்' என்றால் உழைப்பு. 'உழைப்பாளி மக்கள்' என்ற பொருளில் வைத்த பெயர்.

கவனித்தீர்களா? ஈராயிரம் ஆண்டுகளாகப் பாலைவனம் அதே இரண்டு பக்கங்களிலும் இருந்தது. ஊரும் இருந்தது. இடையிடையே மணலுக்குத் தோற்ற கோட்டைகளும் வயல்களும் உண்டு. ஆனாலும் ஆறு வரும்வரை ஊர் பிழைத்துக்கொண்டே வந்தது. அப்படியானால் கடந்த நூற்றாண்டில் என்ன நடந்தது?

காணாமல் போன ஏரி

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்றின் கடைசியில் எஞ்சியிருந்த ஏரியின் பெயர் சிங்து. நாணல், மீன், நீர்ப்பறவை எல்லாம் அங்கே இருந்தன. இரண்டு பாலைவனங்களும் ஒன்றோடொன்று சேராமல் தடுத்துக்கொண்டிருந்ததும் அந்த ஏரியும் அதன் ஈரமும்தான்.

1958இல் மின்ச்சின் மக்கள் பாசனத்துக்காக ஹோங்யாஷான் நீர்த்தேக்கத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பாலைவனத்தில் கட்டப்பட்ட மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் அதுவும் ஒன்று. வயல்களுக்கு வாய்க்கால் வழியாக ஒழுங்காக நீர் கிடைத்தது. விளைச்சல் பெருகியது. ஆனால் நீர்த்தேக்கத்தில் பிடித்த நீர் ஏரிக்குப் போகவில்லை. 1959 வாக்கில் சிங்து ஏரி வற்றிப்போனது.

அதே காலத்தில் ஆற்றின் மேற்பகுதியிலும் அணைகள் எழுந்தன, வயல்கள் விரிந்தன, மக்கள்தொகை வளர்ந்தது. அவர்களுக்கும் சோறு வேண்டும்தானே? விளைவு, மின்ச்சினுக்கு வரும் நீர் ஆண்டுக்காண்டு குறைந்தது. 1950களில் ஆண்டுக்கு 500 மில்லியன் கன மீட்டருக்கும் மேல் வந்த ஆற்றுநீர், 2000களின் தொடக்கத்தில் சுமார் 100 மில்லியன் கன மீட்டருக்கு இறங்கியது. ஐந்தில் ஒரு பங்கு!

உங்கள் வீட்டுக்கு மாதம் 5,000 ரிங்கிட் வருமானம் வந்து, அது 1,000 ரிங்கிட்டாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்? வங்கிச் சேமிப்பில் கை வைப்பீர்கள். மின்ச்சின் மக்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்களின் சேமிப்பு, நிலத்தடி நீர். ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. முதலில் சில மீட்டரில் கிடைத்த நீர் ஆழத்துக்குப் போகப் போக, கிணறுகளும் ஆழமாயின. பிறகு நூறு மீட்டருக்கும் கீழே குழாய் இறக்க வேண்டியதாயிற்று. ஆற்றுநீர் மண்ணில் கசிந்து இறங்கினால்தான் அந்தச் சேமிப்பு மறுபடி நிரம்பும். ஆறே வராதபோது எதை வைத்து நிரப்புவது?

2004இல் ஹோங்யாஷான் நீர்த்தேக்கமே அடிவரை வற்றியது. கட்டப்பட்ட பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

நீரோடு வந்த உப்பு

இதற்குள் இன்னொரு சிக்கலும் வளர்ந்துவிட்டது. எல்லா ஆற்று நீரிலும் பாறையிலிருந்து கரைந்த உப்பு சிறிதளவு இருக்கும். கடலுக்குப் போகும் ஆறு அந்த உப்பைக் கடலில் சேர்த்துவிடும். ஷியாங் ஆற்றுக்கு வெளியேறும் வழி இல்லை. நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். நிலத்தடி நீரை இறைத்து வயலில் பாய்ச்சினால், வயலில் நீர் ஆவியாகி உப்பு மண்ணில் சேரும். மிச்ச நீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மறுபடி நிலத்தடிக்கு இறங்கும். அடுத்த ஆண்டு இறைப்பது, முன்பைவிட உப்பான நீரை. இந்தச் சுற்று ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்தது.

ஏரிப் பக்கத்து ஊர்களில் கிணற்று நீர் கசந்துபோனது. ஒரு லிட்டரில் பல கிராம் உப்பு கொண்ட அந்த நீரைக் குடிக்க முடியவில்லை, பயிரும் தாங்கவில்லை. பல குடும்பங்கள் கதவைப் பூட்டிவிட்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களை மணல் விரட்டவில்லை, தண்ணீர் விரட்டியது. கைவிட்ட வயலில்தான் பிறகு மணல் வந்து உட்கார்ந்தது.

*செய்து பாருங்கள்:* இரண்டு பிளாஸ்டிக் கப்பில் ஒரே அளவு மண் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப் பயறு ஊன்றுங்கள். ஒன்றுக்குச் சாதாரண நீர். இன்னொன்றுக்கு 250 மில்லிலிட்டர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு கரைத்த நீர். இது லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம். இரண்டையும் வெயில் படும் இடத்தில் வைத்து, பத்து நாள் ஒரே அளவு ஊற்றி வாருங்கள். எத்தனை முளைத்தன, எவ்வளவு உயரம் என்று நாள்தோறும் அட்டவணையில் எழுதுங்கள். பத்தாம் நாள் இரண்டு கப்பிலும் மண்ணின் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். என்ன தெரிகிறது?

கறுப்புப் புயல்

செடி காய்ந்து, வேர் செத்து, மண் உலர்ந்தால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. 1993 மே 5ஆம் நாள் வடமேற்குச் சீனாவில் ஒரு மணற்புயல் எழுந்தது. மின்ச்சினும் அதன் பாதையில் இருந்தது. பட்டப்பகலில் இருள் கவிந்ததால் அதைக் கறுப்புப் புயல் என்றார்கள். அந்த வட்டாரம் முழுவதுமாக 85 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். உங்களைவிடச் சின்னவர்கள்.

மரம் நட்டால் போதுமா?

"நிறைய மரம் நட்டால் சரியாகிவிடும்" என்று தேர்வில் எழுதுவோம். மின்ச்சின் மக்கள் 1950களிலிருந்தே நட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் கற்றதைக் கேளுங்கள்.

மணலோரத்தில் நட்ட ஒலியாஸ்டர் மரங்கள் முதலில் நன்றாக வளர்ந்தன. நிலத்தடி நீர் கீழே இறங்கியதும் வேர் எட்டாமல் ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. மரமும் நீர் குடிக்கும்; அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே பாலைவனத்துக்கே உரிய சாக்சவுல் என்ற புதர்மரத்தை நட்டார்கள். அதன் இலைகள் செதில்போல் சிறுத்தவை. பச்சைக் கிளைகளே ஒளிச்சேர்க்கை செய்துகொள்ளும். அதனால் நீர் இழப்பு குறைவு. வேர் ஆழமாகப் போகும். அதையும் நெருக்கமாக நட்டால் ஒன்றோடொன்று நீருக்குப் போட்டி போட்டு வாடிவிடும். இடைவெளி விட்டு நட வேண்டும் என்பதும் பட்டுத் தெரிந்த பாடம்தான்.

மணலை நிறுத்த இன்னோர் எளிய வழி, வைக்கோல் கட்டம். கோதுமை வைக்கோலை மணலில் பாதி புதைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராகச் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டுகிறார்கள். மேலே நீட்டிக்கொண்டிருப்பது 15 அல்லது 20 சென்டிமீட்டர்தான். 'இவ்வளவு குட்டையாகவா?' என்று தோன்றும். காற்றில் போகும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துள்ளித் துள்ளித்தான் நகர்கிறது. தரையோரக் காற்றின் வேகத்தைக் குறைத்தாலே மணல் நின்றுவிடும். வைக்கோல் மக்குவதற்குள் கட்டத்துக்குள் நட்ட செடி வேர் பிடித்துக்கொள்ளும். மின்ச்சினில் வைக்கோலுக்குப் பதில் களிமண்ணாலும் இப்படி வரப்புக் கட்டுவதுண்டு.

கணக்கைத் திருத்தினார்கள்

ஆனாலும் வைக்கோல் கட்டமும் சாக்சவுலும் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவராது. அப்போது சீனப் பிரதமராக இருந்த வென் ஜியாபாவ், மின்ச்சின் இன்னொரு லோப் நூராக மாற விடக்கூடாது என்று வலியுறுத்தி வந்தார். லோப் நூர் என்பது சின்ஜியாங்கில் முற்றாக வற்றிப்போன ஒரு பெரிய ஏரி. 2007இல் ஷியாங் ஆற்றுப் படுகை முழுவதற்கும் சேர்த்து ஒரு திட்டம் ஒப்புதல் பெற்றது.

அதன் அடிப்படை எளிது: ஆறு ஒன்று, கணக்கும் ஒன்று. மேற்பகுதி எவ்வளவு எடுக்கலாம், கீழே எவ்வளவு விட வேண்டும் என்று வரையறுத்தார்கள். 2010க்குள் மின்ச்சின் எல்லையில் ஆண்டுக்கு 250 மில்லியன் கன மீட்டருக்கும் மேல் நீர் வர வேண்டும் என்பது இலக்கு. மின்ச்சினும் தன் பங்குக்குக் கைகட்டிக்கொண்டது. 3,000க்கும் மேற்பட்ட கிணறுகள் மூடப்பட்டன. மீதிக் கிணறுகளில் மின்அட்டை பொருத்தினார்கள். நாம் நெடுஞ்சாலைச் சாவடியில் அட்டையைத் தொட்டால் பணம் கழிவதுபோல், அங்கே அட்டையை வைத்தால் குடும்பத்துக்கு ஒதுக்கிய நீரின் அளவு கழியும். தீர்ந்தால் பம்பு ஓடாது. வயலில் வெள்ளம்போல் பாய்ச்சிய இடத்தில் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் சொட்டுநீர்ப் பாசனம் வந்தது. பயிரிடும் நிலமும் குறைக்கப்பட்டது.

அந்த இலக்கு 2010இலேயே எட்டப்பட்டது. அதே ஆண்டு நீர்த்தேக்கத்திலிருந்து சிங்து ஏரிக்கென்றே நீர் திறந்துவிட்டார்கள். அரை நூற்றாண்டாக மணலாகக் கிடந்த இடத்தில் நீர் மின்னியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நீர்ப்பரப்பு 20 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. நாணல் முளைத்தது. பறவைகள் வந்தன.

மகிழ்ச்சியான முடிவு என்று புத்தகத்தை மூடிவிடலாமா? அவசரப்படாதீர்கள். மின்ச்சினுக்கு வரும் நீரில் ஒரு பகுதி, மஞ்சள் ஆற்றிலிருந்து பம்பு வைத்து மேடேற்றிக் கொண்டுவரப்படுவது. அதற்கு மின்சாரம் வேண்டும். மஞ்சள் ஆற்றுக்கும் அதன் கரைகளில் தாகம் உண்டு. கிணறு மூடப்பட்ட விவசாயிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? ஆழமில்லாத ஏரியில் விடும் நீர் வேகமாக ஆவியாகிறதே, அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாமா? சிலியான் மலையின் பனியாறுகள் வெப்பத்தால் சுருங்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் எல்லாம் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

மாணவியின் கேள்விக்குப் பதில்

பாலைவனம் நடந்து வருமா? மணல்மேடுகள் காற்றில் நகரும், அது உண்மை. ஆனால் மின்ச்சினில் மணல் வருவதற்கு முன் ஆறு போய்விட்டது. ஆற்றை எடுத்துச் சென்றது காற்று அன்று. அணையும் கிணறும் வயலும், அவற்றை நம்பிப் பசியாறிய மக்களும். யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் வயலுக்கான கணக்கை மட்டும் போட்டார்கள். ஆற்றின் மொத்தக் கணக்கை யாரும் போடாததுதான் தவறு. மனிதர் செய்த தவறு என்பதால்தான் அதில் ஒரு பகுதியையாவது மனிதரால் திருத்த முடிந்தது.

அடுத்த முறை குவாச்சியைக் கடிக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். எந்த ஊரில் விளைந்திருந்தாலும், அந்த விதை விளைய மண்ணில் பாய்ந்த நீரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை மறைநீர் என்று அழைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்த நீர், யாரோ ஒருவருடைய ஆற்றிலிருந்து வந்தது.

*சிந்தித்துப் பாருங்கள்*

1. உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும் நீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது? அந்த ஆற்றின் மேற்பகுதியில் என்னென்ன இருக்கின்றன? வரைபடத்தில் தேடுங்கள்.

2. ஷியாங் ஆறு கடலுக்குப் போயிருந்தால் மின்ச்சினின் உப்புச் சிக்கல் குறைந்திருக்குமா? காரணம் கூறுங்கள்.

3. ஓர் ஆண்டில் மின்ச்சினுக்குக் கூடுதலாக 10 மில்லியன் கன மீட்டர் நீர் கிடைக்கிறது. அதை ஏரிக்கு விடுவீர்களா, வயலுக்கு விடுவீர்களா, நிலத்தடியை நிரப்ப விடுவீர்களா? வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரிந்து வாதிடுங்கள்.